துவரம்பருப்பு வரும் திசை

சென்னை கோட்டூர்புரத்தில், காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் சர்தார் படேல் சாலை வந்துவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் காந்தி மண்டபமும் கிண்டிக் காடும். அதையொட்டிக் கிழக்கே மான்கள் மேயும் ஐஐடி வளாகம். 1959 முதல் கோட்டூர்புரத்துக்கு அது பக்கத்து வீடு. அந்தப் பக்கத்து வீடு 2023 நவம்பரில் கடலுக்கு அப்பால் ஒரு கதவைத் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே தொடங்கப்பட்ட முதல் ஐஐடி, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அமையவில்லை. தான்சானியாவின் சான்சிபார் தீவில் அமைந்தது. அதற்கு இயக்குநராகப் பொறுப்பேற்ற பிரீத்தி அகலாயம், ஐஐடி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்.

செய்தியைப் படித்த பலருக்கு முதலில் எழுந்த கேள்வி, "ஏன் ஆப்பிரிக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே ஒரு பழக்கம் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரும் லண்டனும் நியூஜெர்சியும் சென்னைக்காரர்களுக்குத் தெரு அளவில் தெரியும். சென்னையிலிருந்து சான்சிபார் ஏறத்தாழ 5,000 கி.மீ.; டோக்கியோ அதைவிட தூரம். இருந்தும் ஆப்பிரிக்கா என்றதும் ஒரு காடு, ஒரு பாலைவனம், ஒரு பஞ்சம் என்று மூன்று படங்களோடு மனம் நின்றுவிடுகிறது. 54 நாடுகளை ஒரே நாடாக நினைத்துப் பேசுவது படித்தவர்களிடமும் சர்வசாதாரணம். அந்தக் கண்டத்தின் மக்கள், மண், பொருளாதாரம் ஆகியவற்றை நாடு நாடாகப் பிரித்துப் பார்க்காமல், வருகிற முப்பது ஆண்டு உலகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தமிழ்நாட்டுச் சமையலறைக் கணக்கைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படம் இந்த அறியாமைக்கு ஒரு காரணம். மெர்க்கேட்டர் முறையில் வரைந்த அந்தப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. பரப்பு சுமார் 3 கோடி சதுர கி.மீ. அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றையும் உள்ளே வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் மேற்கு ஐரோப்பாவையும் வைக்கலாம். இந்தியாவைப்போல் ஒன்பது மடங்கு நிலம். மக்களோ 150 கோடி. இந்தியாவின் தொகையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆக, "ஆப்பிரிக்காவில் ஜனத்தொகை அதிகம்" என்று இங்கிருந்து சொல்பவர்கள் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். அதே தலைகளை ஒன்பதில் ஒரு பங்கு நிலத்தில் வைத்திருப்பது இந்தியாதான்.

இந்தச் சராசரியும் எதையும் சொல்லிவிடாது. நமீபியா தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் பெரிய நாடு. அங்கே இருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர், சதுர கி.மீ.க்கு மூன்று, நான்கு பேர். ருவாண்டா தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான், அங்கே 1.4 கோடிப் பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் நெருக்கம் சதுர கி.மீ.க்கு 555, ருவாண்டாவும் ஏறக்குறைய அதே நெருக்கடியில்தான் வாழ்கிறது. மலைச்சரிவுகளை அடுக்கடுக்காக வெட்டி, ஒரு முழம் மண்ணையும் விடாமல் வாழையும் பீன்ஸும் தேயிலையும் போட்டிருக்கிறார்கள். எகிப்தைப் படத்தில் பார்த்தால் 10 லட்சம் சதுர கி.மீ. தெரியும், அதன் 11 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் மிகப் பெரும்பான்மையோர் நைல் நதியின் இரு கரைகளிலும் கழிமுகத்திலுமாக, நாட்டின் நிலத்தில் இருபதில் ஒரு பங்கு அளவில் வாழ்கிறார்கள். மற்றதெல்லாம் மணல்.

மண்ணிலிருந்து தொடங்குவதே முறை. மக்கள் எங்கே குடியேறினார்கள், எந்தப் பொருள் எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானித்தது அதுதான். ஆப்பிரிக்கா பெரும்பாலும் ஒரு பீடபூமி. கடற்கரையை நெருங்கும்போது திடீரென்று இறங்கும். இறங்குகிற இடத்தில் ஆறுகள் அருவியாகக் கொட்டும். கங்கையிலும் யாங்சியிலும் ரைனிலும் கடலிலிருந்து உள்நாட்டுக்குக் கப்பல் ஏறிப்போனதுபோல இங்கே பெரும்பாலும் போக முடியாது. காங்கோ நதியை எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டில் ஆயிரக்கணக்கான கி.மீ.க்குப் படகு ஓடுகிற மகாநதி அது. கின்ஷாசாவைத் தாண்டியதும் சுமார் 350 கி.மீ.க்கு அருவிகளும் பாறைகளும். அதற்குக் கீழே மட்டாடி துறைமுகம். அந்த இடைவெளியைக் கடக்க 1890 முதல் 1898 வரை ரயில் பாதை போட்டார்கள். எண்ணற்ற தொழிலாளிகள் அதில் செத்தார்கள். சாம்பேசி ஆற்று வழியே உள்ளே போகலாம் என்று நம்பி வந்த ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனை 1858இல் கஹோரா பாசாவின் பாய்ச்சல்கள் திருப்பி அனுப்பின. நதி இருந்தும் கடலிலிருந்து உள்ளே போகும் நீர்வழி அரிதான கண்டம் இது.

இயற்கை போட்ட இந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு 1884-85 பெர்லின் மாநாட்டுக் காலத்தில் விழுந்தது. ஐரோப்பிய நாடுகள் கண்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள விதிமுறை வகுத்த கூட்டம் அது. ஓர் ஆப்பிரிக்கர்கூட அங்கே இல்லை. அதன் பிறகு இழுத்த கோடுகள்தான் பெரும்பாலும் இன்றைய எல்லைகள். காம்பியா என்ற நாட்டைப் படத்தில் தேடிப் பார்க்கலாம். ஓர் ஆற்றின் இரு கரையை மட்டும் கத்தரித்து எடுத்ததுபோல செனகலுக்குள் நீளவாக்கில் கிடக்கும். ஆறு பிரிட்டனுக்கு, சுற்றியுள்ள நிலம் பிரான்சுக்கு என்ற பாகப்பிரிவினையின் தழும்பு அது. ரயிலும் அப்படியே. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு ஒற்றைக் கோடு. பக்கத்து நாட்டை இணைக்கும் குறுக்குக் கோடு அபூர்வம். இணைத்தாலும் பல இடங்களில் தண்டவாளத்தின் அகலம் ஒத்துப்போகாது.

இதன் விளைவுகளில் மிகக் கனமானது, கடலே இல்லாத நாடுகள். ஆப்பிரிக்காவில் அப்படி 16 நாடுகள். வேறெந்தக் கண்டத்திலும் இவ்வளவு இல்லை. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட் என்று மேற்கில் ஒரு வரிசை; உகாண்டா, ருவாண்டா, புருண்டி என்று ஏரிகளை ஒட்டி ஒரு கொத்து; சாம்பியா, சிம்பாப்வே, மலாவி என்று தெற்கில் இன்னொரு கொத்து. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரையும் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என மூன்று பெருந்துறைமுகங்களும் இருக்கின்றன. கடல் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பது இங்கிருந்து யோசித்தால் சட்டென்று பிடிபடாது.

எத்தியோப்பியாவைப் பார்த்தால் பிடிபடும். உலகில் கடலில்லாத நாடுகளிலேயே அதிக மக்கள் கொண்டது அதுதான்: சுமார் 13 கோடி. 1993இல் எரித்திரியா தனி நாடானபோது கடற்கரை முழுவதும் அதனோடு போய்விட்டது. 1998 முதல் 2000 வரை இரு நாடுகளும் எல்லைக்காகப் போரிட்டன. அன்றிலிருந்து எத்தியோப்பியாவின் ஏற்றுமதி இறக்குமதியில் மிகப் பெரும்பகுதி ஜிபூத்தி என்ற குட்டி நாட்டின் துறைமுகத்தை நம்பியே நடக்கிறது. அங்கே மொத்த மக்கள் 11, 12 லட்சம்தான். சென்னை மாநகரில் ஒரு மூலைக்கு ஆகும் அந்தத் தொகை, 13 கோடிப் பேரின் வாசற்படியைக் கையில் வைத்திருக்கிறது. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்திக்குச் சீனத் துணையோடு 750 கி.மீ. மின்ரயில் பாதையை 2016இல் திறந்தார்கள். காப்பி பிறந்த மண்ணின் காப்பிக்கொட்டை அந்த வழியில்தான் கடலைப் பார்க்கிறது. கடல் இல்லாவிட்டாலும் மலையும் நதியும் உண்டு என்பதால், நீல நைலின் குறுக்கே 5,000 மெகாவாட்டுக்கு மேல் திறன்கொண்ட அணையைக் கட்டி 2025 செப்டம்பரில் அதை முறைப்படி திறந்தது எத்தியோப்பியா. கீழ்மடையில் இருக்கும் எகிப்துக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காவிரி விவகாரத்தோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தத் தகராற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு: அங்கே இரு தரப்பும் தனித்தனி நாடுகள், தீர்ப்பாயம் வைக்க மேலே ஓர் அரசு இல்லை.

கடலில்லை என்பதே தலையெழுத்து என்றும் சொல்லிவிட முடியாது. போட்ஸ்வானா 1966இல் விடுதலை அடைந்தபோது உலகின் ஏழ்மையான நாடுகளில் ஒன்று. மறு ஆண்டே ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. பக்கத்து நாடுகள் பலவற்றில் கனிமம் உள்நாட்டுச் சண்டைக்குத் தீனியானது. போட்ஸ்வானாவோ வைர நிறுவனத்தில் அரசுக்குச் சரிபாதிப் பங்கை வாங்கிக்கொண்டு, வந்த பணத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழித்தது. 25 லட்சம் பேருள்ள அந்த நாடு இன்று உயர்நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தையைப் பிடித்த பிறகு அதன் வருமானம் ஆட்டம் காண்கிறது என்பது வேறு கதை. ஒரே பொருளை நம்பிய நாடு, அதை எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும், சந்தையின் கையில்தான் இருக்கிறது.

மக்கள்தொகைக்கு வருவோம். உலகம் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசும்போது அதிகம் பதறுவது இங்கேதான். 2050 வாக்கில் கண்டத்தின் தொகை 250 கோடியை நெருங்கும் என்று ஐ.நா. கணிக்கிறது, அப்போது உலகில் நால்வரில் ஒருவர் ஆப்பிரிக்கர். இடைநிலை வயது இன்று சுமார் 19. அதாவது மக்களில் பாதிப் பேருக்கு இன்னும் இருபதே ஆகவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகள் 2020இன் மாதிரிப் பதிவு ஆய்வின்படி 1.4. நைஜரில் ஆறு. சென்னையில் மகப்பேறு மருத்துவமனைகளோடு முதியோர் இல்லங்களின் விளம்பரமும் போட்டி போடுகிற காலம் இது. நைஜரின் தலைநகர் நியாமேயில் ஒரு வகுப்பறைக்கு எத்தனை பிள்ளைகளை உட்காரவைப்பது என்பதே கவலை.

ஆனால் எல்லா நாடும் நைஜர் இல்லை. 1970களின் இறுதியில் கென்யாவில் ஒரு பெண்ணுக்கு எட்டுக் குழந்தைகள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. 2022 ஆய்வில் அது 3.4. பெண்களை மிரட்டி யாரும் இதைச் சாதிக்கவில்லை. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, கருத்தடை கைக்கெட்டியது. தமிழ்நாட்டில் நடந்ததும் இதுவேதான். தென்னாப்பிரிக்காவிலும் துனிசியாவிலும் எண்ணிக்கை இரண்டை ஒட்டி நிற்கிறது. வளர்ச்சியின் பெரும்பங்கு நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, எத்தியோப்பியா, தான்சானியா போன்ற சில நாடுகளில் குவிந்திருக்கிறது. நைஜீரியா மட்டுமே 23 கோடி. அந்தத் தொகையும் மதிப்பீடுதான்: கடைசியாகத் தலையெண்ணியது 2006இல், அப்போது 14 கோடி. மாநிலங்களுக்கு நிதியும் நாடாளுமன்ற இடமும் தலைக்கணக்கைப் பார்த்தே பிரிப்பதால், ஒவ்வொரு கணக்கெடுப்பும் அங்கே அரசியல் சண்டையாகிவிடுகிறது. தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டில் கிளம்பும் கவலையை நினைத்தால், அதன் உட்பொருள் விளங்கும்.

மக்கள் பெருத்தால் நாடு மூழ்கும் என்ற தீர்ப்புக்குச் சரியான பதில் மொரீசியஸில் கிடைக்கிறது. 1961இல் பிரிட்டனின் பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட் அந்தத் தீவைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். 2,040 சதுர கி.மீ. நிலம், கரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை, மலேரியா ஒழிந்ததால் இறப்பு குறைந்து, பிறப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, பல இனத்தார் ஒருவரோடொருவர் உரசுகிறார்கள், அமைதியான முன்னேற்றத்துக்கு வாய்ப்பு குறைவு என்பது அவர் கணிப்பு. கணக்கில் பிழையில்லை. மக்கள்தான் வேறு வழியில் போனார்கள். ஆறு குழந்தை என்றிருந்த சராசரி, பத்தே ஆண்டுகளில் மூன்றரைக்கு வந்தது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டுத் துணி ஆலைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு சுற்றுலா, அதற்குப் பிறகு நிதிச் சேவை. இன்று மொரீசியஸ் ஆப்பிரிக்காவின் வளமான நாடுகளில் ஒன்று. பிறப்பு விகிதம் தமிழ்நாட்டைப் போலவே தரைதட்டிவிட்டது. எதிர்காலத்தில் யார் வேலை செய்வார்கள் என்று இப்போது எதிர்த்திசையில் கவலைப்படுகிறார்கள்.

அந்தத் தீவில் தமிழர் வரலாறும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அங்கே கொண்டுபோனார்கள். மொரீசியஸின் ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியிட்ட புதிய தாளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது எழுந்த எதிர்ப்பில், மறு ஆண்டு அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் அச்சிட்டார்கள். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு 1860 நவம்பர் 16 அன்று "ட்ரூரோ" கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது. கிளம்பிய இடம் சென்னை. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் இந்தியரில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும்தான். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்பாதை எல்லாவற்றிலும் அவர்கள் வியர்வை இருக்கிறது. ஆப்பிரிக்கப் பொருளாதார வரலாற்றில் தமிழர் வெறும் பார்வையாளர்கள் அல்லர்.

பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்த்தால், கண்டம் முழுவதன் ஆண்டு உற்பத்தி மதிப்பு 3 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய அதே மக்கள்தொகை கொண்ட இந்தியா 4 லட்சம் கோடி டாலரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கண்டத்தின் மதிப்பில் கிட்டத்தட்டப் பாதி தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியா, நைஜீரியா என்ற நான்கு நாடுகளுக்குள் முடிந்துவிடுகிறது. நான்கும் நான்கு வகை. தென்னாப்பிரிக்காவில் 1886இல் தங்கம் கண்டெடுத்ததிலிருந்து வளர்ந்த சுரங்கமும் தொழிற்சாலையும் வங்கியும், எகிப்தில் சூயஸ் கால்வாய்க் கட்டணமும் சுற்றுலாவும் வேளாண்மையும், அல்ஜீரியாவில் எரிவாயு, நைஜீரியாவில் கச்சா எண்ணெய். மொராக்கோ அண்மைக் காலத்தில் வேறு பாதை பிடித்தது. தாஞ்சியரில் பெரும் துறைமுகம் கட்டி, கார் ஆலைகளைக் கொண்டுவந்து, ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்கிறது. எண்ணூர் துறைமுகத்தில் வரிசைகட்டி நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்க் கார்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. அந்தக் கார்களில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவுக்கும் போகிறது.

கண்டத்துக்கு முள் குத்தியிருக்கும் இடம் வேறு. விளைகிறது, தோண்டுகிறார்கள், அனுப்புகிறார்கள். பக்குவம் செய்வது வேறு எங்கோ நடக்கிறது. ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதியளவு விளைவிக்கின்றன; சாக்லேட்டின் பேரும் லாபமும் ஐரோப்பாவுக்கு. கோபால்ட்டில் உலக உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கு மேல் காங்கோ மண்ணிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பதில் பெரும்பங்கு சீனாவில். கைப்பேசி மின்கலத்தின் தொடக்கம் காங்கோவின் கோல்வேசியில் கையால் மண் தோண்டும் மனிதரிடம் இருக்கக்கூடும். நைஜீரியா பல ஆண்டுகள் கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு, அரசு ஆலைகள் படுத்துவிட்டதால், பெட்ரோலை இறக்குமதி செய்தது; எண்ணெய் வளநாட்டில் பங்க்குகளில் நீண்ட வரிசை. லாகோஸுக்கு அருகே லெக்கியில் நாளொன்றுக்கு 6.5 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் டாங்கோட்டே ஆலை 2024இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

தமிழ்நாடு இந்தக் கதையில் எந்தப் பக்கம்? வாங்குகிற பக்கம்.

சாம்பாரில் தொடங்கலாம். 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பல குடும்பங்களுக்கு நினைவிருக்கும். அதன் விளைவாக 2016இல் மொசாம்பிக்குடன் இந்தியா ஓர் உடன்பாடு செய்தது: ஆண்டுக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி 2 லட்சம் டன் வரை துவரை வாங்குவது. மொசாம்பிக்கின் நம்பூலா, சாம்பேசியா மாகாணங்களில் சின்னச் சின்னக் காட்டு வெள்ளாமைக்காரர்கள் துவரையை அதிகமாக விதைத்தார்கள். மலாவி, தான்சானியா, கென்யாவிலும் அப்படியே. அடுத்த ஆண்டு இந்தியாவிலேயே விளைச்சல் கொட்டியது. உள்ளூர் விவசாயியைக் காக்க 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு வரம்பு போட்டது அரசு. உடன்பாடு இருந்ததால் மொசாம்பிக்குக்கு விலக்கு கிடைத்தது. ஆனாலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் விலை சரிந்தது. நம்பூலாவின் விவசாயிக்கு இந்தியாவைத் தவிர வேறு பெரிய வாடிக்கை இல்லை. டெல்லியில் ஓர் அறிவிக்கை, அவர் வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கட்டணம். மயிலாப்பூர் மளிகைக் கடையில் துவரையைக் கையில் அள்ளிப் பார்க்கிறவருக்கு இந்தத் தொடர்பு தெரிய வழியில்லை. தெரிந்திருக்க வேண்டிய தொடர்பு இது.

டெல்டாவின் நெல்லுக்குப் போடும் டிஏபி உரத்தில் இருக்கும் மணிச்சத்துக்கும் இதே திசைதான். உலகின் பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் கட்டுப்பாட்டில். சென்னை முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் நிறுவனத்துக்கு எண்ணூரில் உர ஆலை. அதே நிறுவனம் செனகலில் பாஸ்பேட் சுரங்கத்திலும் துனிசியாவில் பாஸ்பாரிக் அமில ஆலையிலும் பங்கு வைத்திருக்கிறது. பிரியாணிக்குப் போடும் கிராம்பில் ஒரு பகுதி மடகாஸ்கரிலிருந்தும் சான்சிபாரிலிருந்தும் வருகிறது. புதுவீட்டு நிலைப்படிக்கு வாங்கும் தேக்கில், தூத்துக்குடியில் இறங்கிய கானா மரமும் தான்சானியா மரமும் உண்டு.

எதிர்த்திசையிலும் பொருள் போகிறது. உகாண்டாவிலும் கென்யாவிலும் "போடா போடா" என்று கூப்பிட்டால் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். அதுவே அங்கே ஆட்டோ, அதுவே ஆம்புலன்ஸ், அதுவே லாரி. அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்திய வண்டிகள். ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ் அவற்றில் முன்வரிசை. பணம் அனுப்பும் விஷயத்திலோ கென்யர்களே முன்னோடி. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் பணம் மாற்றும் "எம்-பெசா" 2007 மார்ச்சில் கென்யாவில் வந்தது. இந்தியாவின் யுபிஐ வந்ததோ 2016இல். பெசா என்பது நம் பைசாதான். ஒரு லட்சத்துக்குச் சுவாஹிலியில் "லாக்கி". கடல் வணிகம் எண்ணையும் காசையும் எவ்வளவு முன்பே அங்கே கொண்டுசேர்த்துவிட்டது என்பதற்கு இந்த இரண்டு சொற்கள் போதும்.

நாடுகள் தங்களுக்குள் வாங்கி விற்காததே ஆப்பிரிக்காவின் பெரும் குறை. ஏற்றுமதியில் கண்டத்துக்குள்ளேயே நடப்பது சுமார் 15 விழுக்காடு. ஐரோப்பாவில் அது பாதிக்கு மேல். இதைச் சரிசெய்ய 2018 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தான கண்டந்தழுவிய தடையற்ற வணிக உடன்பாட்டின் கீழ் 2021 ஜனவரியில் வணிகம் தொடங்கியது. காகிதத்தில் சுங்கம் குறைந்தாலும், எல்லையில் லாரி நாட்கணக்கில் நிற்பது குறைய வேண்டும், மின்சாரமும் வேண்டும். இன்னும் சுமார் 60 கோடி ஆப்பிரிக்கர்களின் வீட்டில் விளக்கு எரிய மின்சாரம் இல்லை. ஆலை ஓடுவது அதற்கு அடுத்த பேச்சு. மக்கள்தொகையைக் குறை சொல்லுமுன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருப்பது சுமையாவதும் செல்வமாவதும் அந்த மின்கம்பியிலும் பள்ளியிலும் தொங்குகிறது.

முந்திரியில் இவை எல்லாமே சேர்ந்து தெரிகின்றன. போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து கோவாவுக்கும் மொசாம்பிக்குக்கும் கொண்டுவந்த மரம் அது. இந்தியா அதை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டது. கொல்லமும் பண்ருட்டியும் அதனால் பேர்பெற்றன. உள்நாட்டுக் கொட்டை ஆலைகளுக்குப் போதவில்லை. ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடியில் இறங்குகிறது. கொட்டையின் ஓட்டுப்பால் பட்டால் கை வெந்துபோகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிற பண்ருட்டிப் பக்கத்துப் பெண்களின் அன்றாடக் கூலி, மேற்கு ஆப்பிரிக்காவின் மழையோடு கட்டப்பட்டிருக்கிறது.

உலகில் அதிகமாக முந்திரி விளைவிக்கும் நாடு இன்று ஐவரி கோஸ்ட். பத்தாண்டுகளுக்கு முன் அது தன் கொட்டையில் பத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளூரில் உடைக்கவில்லை. இப்போது நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. உடைக்கும் ஆலைகளுக்கு அரசு சலுகை தருகிறது. தான்சானியாவில் 2018 நவம்பரில் வியாபாரிகள் விலையை அடித்துக் கேட்டபோது, அதிபர் மகுஃபுலி ராணுவ லாரிகளை அனுப்பி விவசாயிகளிடமிருந்து கொட்டையை அரசே கொள்முதல் செய்யவைத்தார். அந்த ஏற்பாடு குழப்பத்தில்தான் முடிந்தது. ஆனால் கச்சாக் கொட்டையாகவே எத்தனை காலம் அனுப்புவது என்ற கேள்வி அங்கே அடங்கவில்லை. கேள்வி நியாயமானது. அதே நியாயம் பண்ருட்டியின் வயிற்றில் கை வைக்கிறது என்பதும் உண்மை. இரண்டு ஏழைகளுக்கு நடுவில் ஒரு கொட்டை. உடைக்கும் எந்திரமும் தரம்பிரிக்கும் கைத்திறனும் சந்தை அனுபவமும் தமிழ்நாட்டிடம் இருக்கின்றன. விளைச்சலும் இளம் கைகளும் அங்கே. பண்ருட்டி ஆலைக்காரர்கள் கொட்டையை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் வருங்காலத்தில் கப்பல் வெறுமையாக வரலாம். அங்கே போய்ப் பங்காளியாகக் கடை விரித்தால் கதை வேறாகும்.

சான்சிபாரில் ஐஐடியின் முதல் அணி மாணவர்கள் படிக்கவந்தது தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும். அவர்களின் தீவுக்குத் தெற்கே, தான்சானியாவின் மத்வாராவில், ஒவ்வோர் அக்டோபரிலும் முந்திரி அறுவடை தொடங்கி ஏலம் நடக்கிறது. இந்தியாவில் கொட்டை தீர்ந்து, ஆலைகள் அடுத்த பருவமான பிப்ரவரி, மார்ச்சுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் அவை. மத்வாராவில் ஏற்றிய மூட்டை தூத்துக்குடிக்கு வந்து, லாரியில் பண்ருட்டி போய், உடைபட்டு, பொங்கலுக்குச் சற்று முன்பாகத் தி.நகர் கடைகளில் வெள்ளைப் பருப்பாகக் குவிந்துவிடும்.